மயக்கியவர்கள் யாரும் மயங்கவில்லை

வெள்ளிக்கிழமை இரவானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கிப் பறக்கும் கார்களில் பலவற்றுக்கு நோக்கம் ஒன்றுதான். அதை நான் வேறு சொல்ல வேண்டுமா? மயக்கத்துக்கு இவ்வளவு மலிவாக விலை போட்ட ஊர் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்று நண்பர்கள் சத்தியம் செய்கிறார்கள். செய்யட்டும். நாம் பார்க்கப் போவது வேறொரு மயக்கத்தை.

திரையில் நாற்காலி ஓடும். மனிதன் வண்ணத்துக்குள் கரைவான். நகரம் எறும்புப் புற்றாகப் பரபரக்கும். காதில் சித்தாரும் ஆர்கனும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எங்கேயோ இழுத்துக்கொண்டு போகும். சைக்கடெலிக் இசை, சர்ரியல் காட்சி என்று 1960களில் உலகம் கிறங்கிக் கிடந்ததே, அந்தச் சோதனைப் படங்களின் பின்கட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா? செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள், வயர் கிடக்கும். உள்ளே நுழைந்ததும் முதல் அதிர்ச்சி: ஒருவரும் தள்ளாடவில்லை! கையில் பென்சில், ரப்பர், ஸ்டாப்வாட்சோடு, கணக்குப் பரீட்சை எழுதுகிற பையன்கள் மாதிரி உம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் அறை நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் நான்கு விஷயங்களுக்குத் தடை: மது, புகை, அரசியல், பாலுறவு. இந்த நான்கையும் எடுத்துவிட்டால் 1960களின் ராக் இசையில் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அதே பத்தாண்டில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில், சுனில் பட்டாச்சார்யா என்ற வங்காளி இந்த நான்கும் இல்லாமலே எலெக்ட்ரானிக் ஆர்கனை வைத்துக்கொண்டு ஓர் இசையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆசிரமத்தில் எல்லோருக்கும் அவர் சுனில்தா. 1965 முதல் ஆண்டுதோறும் அவர் அமைத்த புத்தாண்டு இசைதான் அங்கே ஜனவரி ஒன்றாம் தேதியின் அடையாளம். ஸ்ரீ அரவிந்தரின் 'சாவித்திரி' காவியம் ஏறத்தாழ 24,000 வரி. அதற்கும் இசையமைக்கத் தொடங்கினார், ஆண்டுக்கணக்கில் அதிலேயே கிடந்தார். 1998இல் மறையும்வரை ஓயவில்லை.

அந்த இசையைக் கேட்டதில்லையென்றால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். பல்லவி எங்கே, சரணம் எங்கே என்று தேடாதீர்கள். பிடித்து நிற்க ஒரு கம்பிகூடக் கிடையாது. மேற்கத்திய ஆர்கனின் சுருதிக் கூட்டு விரிந்துகொண்டே போகிறது, எதிர்பாராத இடத்தில் நம் ராகத்தின் சாயல் எட்டிப் பார்க்கிறது, பிடிக்கப் போனால் காணோம். லண்டனில் நீண்ட முடிக்காரர்கள் வேறு உபாயங்களோடு தேடிப் போன இடத்துக்கு இவர் சாதாரண வேட்டியோடு நடந்தே போய்விட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காட்சி? அதுவும் இங்கேயே தயார். ஸ்ரீ அன்னை, பாரிஸில் பிறந்த மிர்ரா அல்ஃபஸா, இளமையில் அங்கே ஓவியம் பயின்றவர். ஹூதா என்ற ஆசிரமவாசியை உட்கார வைத்து, சாவித்திரியின் பகுதிகளைத் தன் குரலில் படித்து, கோட்டுருவம் போட்டுக் காட்டி, வரையச் சொன்னார். 1961இல் தொடங்கிய வேலை ஐந்தாண்டுக்கு மேல் ஓடி 472 ஓவியங்களில் போய் நின்றது. நீலத்துக்குள் நீலம், எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத பொன்னொளி, பாதி உருவம் பாதி மேகம். பிற்காலத்தில் ஆரோவில்லின் சாவித்திரி பவனில் இந்த ஓவியங்களையும் அன்னையின் குரல் பதிவையும் அவரே வாசித்த ஆர்கன் இசையையும் சேர்த்துப் படத் தொடராகவே ஆக்கிவிட்டார்கள். கதை கிடையாது, வசனம் கிடையாது. ஓவியம், குரல், ஆர்கன், அவ்வளவுதான். அதைப் பார்க்க வருகிற அன்பர்கள் தியானம் என்பார்கள், சைக்கடெலிக் என்று நான் சொன்னால் முறைப்பார்கள். முறைக்கட்டும். கண்ணையும் காதையும் ஒரே நேரத்தில் தரையிலிருந்து தூக்குவதுதான் இரண்டு கட்சிக்கும் வேலை. சாதனங்கள்தான் வேறு.

இப்போது பாரிஸுக்குத் தாவுவோம். கதவைத் திறந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர் கோயம்புத்தூர்க்காரர்!

படத்தின் பெயர் 'சப்பாக்வா'. எடுத்தவர் கான்ராட் ரூக்ஸ் என்ற அமெரிக்கப் பணக்கார வீட்டுப் பிள்ளை. குடியிலும் போதையிலும் விழுந்து, ஐரோப்பாவில் சிகிச்சை எடுத்து வெளியே வந்த தன் சொந்தக் கதையையே படமாக்கி, தானே கதாநாயகனாக நடித்தார். கறுப்பு வெள்ளை திடீரென வண்ணமாகும், உருவத்தின்மேல் உருவம் ஏறும், எது நடந்தது எது பிரமை என்று கடைசிவரை பிடிபடாது. 1966 வெனிஸ் விழாவில் நடுவர் சிறப்புப் பரிசு. நடிகர் பட்டியலைப் பார்த்தால் நமக்கே தலை சுற்றும்: வில்லியம் பரோஸ், ஆலன் கின்ஸ்பெர்க், பிரெஞ்சு நாடக மேதை ஜான் லூயி பர்ரோ... குருவாக வருகிறவர் சுவாமி சச்சிதானந்தா. கோவைக்குப் பக்கத்திலுள்ள செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர், ரிஷிகேசம் சிவானந்தரின் சீடர், இலங்கையில் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்தவர். இலங்கையில் இவரைச் சந்தித்த ரூக்ஸ் பாரிஸுக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே இந்தப் படத்துக்காக வந்திருந்த ஓவியர் பீட்டர் மாக்ஸ் இவரைப் பார்த்துச் சொக்கிப்போய் நியூயார்க்குக்கு வரச்சொன்னார். சில நாள் தங்குவதாகப் போனவர் அமெரிக்காவிலேயே நிலைத்தார். 1969 ஆகஸ்ட் 15 அன்று உட்ஸ்டாக் இசைவிழா மேடையில், அத்தனை லட்சம் இளைஞர்கள் முன்னால், ஒலியின் சக்தியைப் பற்றிப் பேசி விழாவைத் தொடங்கிவைத்த காவி உடைக்காரர் இவர்தான். அதே நாளில் இங்கே மரீன் வீதியில் ஸ்ரீ அரவிந்தரின் பிறந்தநாள் தரிசனத்துக்கு வரிசை நின்றுகொண்டிருந்திருக்கும். ஏதாவது தொடர்பு உண்டா என்றால் கிடையாது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சப்பாக்வாவின் இசைக் கூடத்துக்குள்தான் உண்மையான கூத்து. முதலில் ஜாஸ் மேதை ஆர்னெட் கோல்மனிடம் இசை கேட்டிருந்தார் ரூக்ஸ். 1965 ஜூனில் பதிவும் முடிந்தது. கேட்டுப் பார்த்த ரூக்ஸுக்குக் கவலை வந்துவிட்டது: இசை அழகாக இருக்கிறது, அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது, இதைப் போட்டால் என் படத்தை எவன் பார்ப்பான்! ஒதுக்கிவைத்துவிட்டார். அது 'சப்பாக்வா சூட்' என்று தனி இசைத்தட்டாக வந்து பிழைத்துக்கொண்டது. தன் படத்தைவிட நன்றாக இருக்கிறது என்பதற்காக இசையைத் திருப்பிய இயக்குநரை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. நம் கோடம்பாக்கத்தில் இந்த நேர்மை இருந்தால் பல இசையமைப்பாளர்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்து அழைப்பு போனது ரவிசங்கருக்கு. சித்தார், தபலாவுக்கு அல்லா ரக்கா, கூடவே பிரெஞ்சு வாத்தியக்காரர்கள் சிலர். பிரெஞ்சுக்காரர்களுக்குத் தாளில் எழுதிக் கொடுத்தால்தான் வாசிக்க வரும். ரவிசங்கருக்கோ எழுதும் வழக்கமே இல்லை, பாடிக் காட்டுவார். நடுவில் ஒரு ஆள் வேண்டும். நாதியா பூலான்ஜே அம்மையாரிடம் இசைப் பாடம் படிக்கப் பாரிஸுக்கு வந்திருந்த ஓர் அமெரிக்க இளைஞனுக்கு அந்த வேலை கிடைத்தது. பெயர் ஃபிலிப் கிளாஸ்!

காட்சியைக் கற்பனை செய்யுங்கள். ரவிசங்கர் ஒவ்வொரு வாத்தியத்துக்குமான வரியைப் பாடுகிறார். கிளாஸ் வேகவேகமாக எழுதுகிறார். வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள். அல்லா ரக்கா தலையை ஆட்டுகிறார்: இல்லை, சரியில்லை. மறுபடி எழுதுகிறார். மறுபடி வாசிக்கிறார்கள். மறுபடி அதே தலையாட்டல். சுரம் சரி, வேகம் சரி. அப்புறம் எங்கே இடிக்கிறது?

கர்நாடக இசை கேட்கிற யாருக்கும் இது உடனே பிடிபடும். 'தகிட தகதிமி' என்று மிஸ்ர நடையில் ஏழு போடுகிறோம். மூன்றும் நான்கும். மேற்கத்தியத் தாளில் எழுதும்போது இடையிடையே செங்குத்துக் கோடு போட வேண்டும். கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் சுரத்துக்கு வாசிக்கிறவர் தானாகவே ஓர் அழுத்தம் கொடுத்துவிடுவார். கோடு எங்கே விழுந்தாலும் வேண்டாத இடத்தில் ஒரு தட்டு விழும், ஓட்டம் முறியும். கிளாஸ் கோட்டை இங்கே நகர்த்தினார், அங்கே நகர்த்தினார். எங்கே வைத்தாலும் அல்லா ரக்காவின் தலை ஆடியது. கடைசியில் ரப்பரை எடுத்து எல்லாக் கோடுகளையும் அழித்தார். தாளில் கோடில்லாமல் சமமான சிறு சுரங்களின் நீண்ட வரிசை மட்டும் மிஞ்சியது. உற்றுப் பார்த்தார். இரண்டும் மூன்றுமாக அவை தாமே கூட்டம் சேர்ந்து நின்றன. அல்லா ரக்கா இத்தனை நேரமும் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்: எல்லாச் சுரமும் சமம்.

இந்த ஒரு ரப்பர் தேய்ப்பிலிருந்துதான் பிற்பாடு உலகம் கொண்டாடிய ஃபிலிப் கிளாஸின் பாணி கிளம்பியது என்றால் நம்புவீர்களா? அவரே தன் வாழ்க்கைக் கதையில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சின்னச் சின்ன அலகுகளை ஒன்றொன்றாகக் கூட்டியும் குறைத்தும் மணிக்கணக்கில் சுழலவிடும் அந்த உத்தியோடு அவர் 1982இல் 'கொயானிஸ்காட்சி' படத்துக்கு இசையமைத்தார். வசனமே இல்லாமல் மேகமும் நெடுஞ்சாலையும் கூட்டமும் அசுர வேகத்தில் ஓடும் அந்தப் படம்தான் காட்சியும் இசையும் கலக்கும் வகைக்கு இன்றும் உச்சம் என்பார்கள். பின்கட்டில் போய்ப் பார்த்தால் ஒரு தபலாக்காரரின் கணக்கு.

ரவிசங்கருக்குப் போதைமருந்து என்றாலே ஆகாது. 1967 மாண்டெரே இசைவிழாவில் தன் கச்சேரியின்போது யாரும் புகைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டவர். ஹிப்பிகள் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆட, அவர் அவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

சப்பாக்வாவுக்கு ஒளிப்பதிவு செய்தவர்களில் மூன்று பெயர்களைக் கவனிக்க வேண்டும். ஒருவர் புகைப்பட உலகின் ராபர்ட் ஃபிராங்க். இன்னொருவர் ஆய்கன் ஷுஃப்டான். 1927இன் 'மெட்ரோபோலிஸ்' படத்தில், கண்ணாடியைச் சாய்த்து வைத்து அதில் ஒரு பகுதியின் ரசத்தைச் சுரண்டி, பொம்மை நகரத்துக்குள் நிஜ மனிதர்களை நடமாடவிட்ட தந்திரக்காரர். மூன்றாமவர் எத்தியேன் பெக்கர். இவர்தான் நமக்கு வேண்டியவர்! சப்பாக்வாவுக்குப் பிறகு 1968 தொடக்கத்தில் இயக்குநர் லூயி மால், ஒலிப்பதிவாளர் ஜான் குளோத் லோரோ ஆகியோருடன் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தியாவுக்கு வந்தார். மூன்றே பேர் கொண்ட குழு. எடுத்துக்கொண்டு போனது ஏழு பகுதி ஆவணத் தொடர். அதில் மெட்ராஸுக்குத் தனிப் பகுதி உண்டு: மயிலாப்பூர்த் தேர், கலாக்ஷேத்ரா எல்லாம் வரும். ஆறாவது பகுதியில் நம் புதுச்சேரி ஆசிரமம். பாரிஸில் பிரமைகளைப் படம்பிடித்த அதே கண்கள், எந்தத் தந்திரமும் செய்யாமல் நம் வீதிகளை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றிருக்கின்றன. தொடரை பி.பி.சி. ஒளிபரப்பியதும் இந்திய அரசுக்குக் கோபம் வந்து பி.பி.சி.யையே வெளியேற்றியது தனிக் கதை. பிரமையைக் காட்டியபோது வராத கோபம் நிஜத்தைக் காட்டியதும் வந்துவிட்டது.

பாரிஸ், உட்ஸ்டாக் என்று பறந்துகொண்டிருக்கிறோமே, இந்தப் பரம்பரைக்கு ஒரு பாட்டன் வேண்டாமா? இருக்கிறார், நம் அண்ணா சாலையிலேயே. ரவிசங்கரின் அண்ணன் உதயசங்கர் எடுத்த 'கல்பனா', 1948. ஜெமினி ஸ்டூடியோவில் படமானது, ஒளிப்பதிவு நம் கே. ராம்நாத், இசை விஷ்ணுதாஸ் ஷிராலி. பதின்ம வயதுப் பத்மினி முதன்முதலாகத் திரையில் தோன்றிய படமும் இதுதான். ஒருவர் படக்கதை ஒன்றை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளரிடம் போகிறார். தயாரிப்பாளருக்கு வசூலைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாது. அவரிடம் சொல்லும் கதைதான் படம். அதற்குள் கனவுக்குள் கனவு, நிழலுக்குள் நிழல். ஆட்டக்காரர்களே பல்சக்கரமாகவும் பிஸ்டனாகவும் மாறி ஓர் இயந்திரத்தை ஆடிக் காட்டும் கட்டத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவு தூங்க முயன்று பாருங்கள். இத்தனைக்கும் படத்தின் தொடக்கத்தில் உதயசங்கர் எழுத்தில் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: படம் படுவேகமாகப் போகும், விழிப்போடு பாருங்கள், ஒரு துண்டைத் தவறவிட்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். இந்த வகைப் படங்களிலேயே பார்வையாளரைத் தெளிவாக இருக்கச் சொல்லி எச்சரிப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும்! அதே ஸ்டூடியோவில் அதே ஆண்டு வெளியான 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யார் வீட்டுக் காற்று யார் வீட்டுக்குள் வீசியது என்று ஊகிக்கலாம். கல்பனா பல்லாண்டு மறந்து கிடந்து, புதுப்பிக்கப்பட்டு, 2012இல் கான் விழாவில் திரையிடப்பட்டது.

ரவிசங்கர் கிளைக்குத் திரும்பினால் 1957இல் ஒரு நாற்காலி காத்திருக்கிறது. கனடாவில் நார்மன் மெக்லாரன் 'எ சேரி டேல்' எடுத்தார். ஒருவன் உட்காரப் போகிறான், நாற்காலி நழுவி ஓடுகிறது. துரத்துகிறான். படம் முழுக்க அவ்வளவுதான். இசை: ரவிசங்கரின் சித்தார், சதுர்லாலின் தபலா. உயிருள்ள மனிதரைப் பொம்மை மாதிரி நிறுத்தி, ஒரு ஃபிரேம் எடுத்து, கொஞ்சம் நகர்த்தி, அடுத்த ஃபிரேம் எடுக்கும் இந்த உத்திக்குப் பிக்சிலேஷன் என்று பெயர். ஓட்டிப் பார்த்தால் மனிதர் தரையில் வழுக்குவார், சுவரில் ஒட்டுவார், காலை அசைக்காமல் பறப்பார்.

இந்த வித்தையைப் பம்பாயில் பிரமோத் பதி பிடித்துக்கொண்டார். ஒடிசாக்காரர். பிராக் நகரில் பொம்மலாட்டப் பட மேதை யிர்ஷி டிர்ன்காவிடம் பயின்றவர். வேலை பார்த்தது எங்கே? மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனில்! ஆமாம், ஜம்ப் ஆகும் கறுப்பு வெள்ளையில் அணைக்கட்டும் வெள்ள நிவாரணமும் காட்டிய அதே நிறுவனம்தான். 1960களின் நடுவில் அங்கே தலைமை ஆலோசகராக இருந்தவர் ழான் பவ்நகரி. பார்சி அப்பா, பிரெஞ்சு அம்மா, யுனெஸ்கோவிலிருந்து வந்தவர், மேடையில் மாயாஜாலமும் செய்வார். மாயாஜாலக்காரர் தலைமையில் அரசு அலுவலகம் நடந்தால் என்ன ஆகும்? 1968இல் பதியின் 'எக்ஸ்ப்ளோரர்' ஆகும். ஆடும் இளைஞர்கள், ஆய்வுக்கூடம், வழிபாடு, யந்திரக் கோலம், எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் வெட்டிவெட்டிப் பாயும். இசை, ரவிசங்கரின் மாணவரான புல்லாங்குழல் கலைஞர் விஜய் ராகவ் ராவ். குழலை ஓரமாக வைத்துவிட்டு அவர் செய்திருக்கும் ஒலிச் சேட்டையைக் கேட்டால், அரசுப் பணத்தில் இதை எப்படி விட்டார்கள் என்று நமக்குத்தான் பதறும். 1970இல் 'ட்ரிப்': பம்பாயின் அன்றாடம் நான்கு நிமிடங்களுக்குள் வேகமாக ஓடிக் கரையும். கொயானிஸ்காட்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னால்! குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்குக்கூட இதே பிக்சிலேஷனில் 'கிளாக்ஸ்ப்ளோஷன்' என்று ஒரு குறும்படம் செய்தார் மனிதர்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்களைத் திரையிடுவது எல்லாத் திரையரங்குக்கும் கட்டாயம். புதுச்சேரியும் அதற்குள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்துவிட்டதால் நம் ஊர்க் கொட்டகைகளுக்கும் விலக்கில்லை. நியூஸ் ரீல் போட்டதும் பீடி பிடிக்க எழுந்து வெளியே போவது அன்றைய தமிழ் ரசிகனின் பிறப்புரிமை. உள்ளே அரசாங்கம் இலவசமாக வழங்கும் மயக்கத்தை விட்டுவிட்டு, சொந்தக் காசில் வெளியே நின்று புகைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பதியின் கடைசிக்கால அற்புதம் 1972இன் 'ஆபித்'. சுமார் ஐந்து நிமிடம். கணக்குப் போடுங்கள்: விநாடிக்கு 24 ஃபிரேம், நிமிடத்துக்கு 1,440, ஐந்து நிமிடத்துக்கு 7,200. ஓவியர் ஆபித் சுர்த்தியை ஓர் அறைக்குள் நிறுத்தி, நில், எடு, நகர், நில், எடு. அறையெங்கும் வண்ணம் பரவிப் பெருக, அவரே தன் ஓவியத்துக்குள் புகுந்து துள்ளுகிறார். பார்க்கிற நமக்குக் குதூகலம், நின்ற மனிதருக்கு முழங்கால் வலி. மூன்றாண்டு கழித்து, 1975இல், பதி இறந்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மும்பை சர்வதேசத் திரைவிழாவில் புதுமையான படத்துக்கு அவர் பெயரில் இன்றும் விருது கொடுக்கிறார்கள். ஃபிலிம்ஸ் டிவிஷனை என்.எஃப்.டி.சி.யோடு இணைத்துவிட்டார்கள். படங்கள் மட்டும் யூடியூபில் யாரோ ஒருவர் தேடி வருவதற்காகக் கிடக்கின்றன.

ஆபித் சுர்த்தியை வேறு வழியில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்திரஜால் காமிக்ஸில் வந்த 'பகதூர்' அவர் படைப்பு. 2007 முதல் அவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு, மும்பையை ஒட்டிய மீரா ரோடு அடுக்குமாடிகளில் வீடு வீடாக ஏறி, ஒழுகும் குழாய்களைக் காசு வாங்காமல் சரிசெய்கிறார். பெரும்பாலும் ஒரு ரப்பர் வாஷர் மாற்றினால் வேலை முடிந்துவிடும். அரசாங்கம் ஏழாயிரம் ஃபிரேம் செலவழித்து ஆட்டிவைத்த ஆள் தன் சமையலறைக் குழாய்க்கு அடியில் குனிந்திருக்கிறார் என்று எத்தனை வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்குமோ!